புளியங்கொட்டை ஏரி

அகிலா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஜெயக்குமார், அவள் ஒதுக்கிப்போட்ட கொட்டைகளை முறத்தில் பரப்பி, சொத்தைகளைப் பொறுக்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டுக் குப்புசாமியின் தறிச் சத்தம் வழக்கம்போலத் தெருவைக் கடந்து கூடம்வரை வந்துகொண்டிருந்தது. கல்யாணம் ஆன புதிதில் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. இப்போது அது சத்தமாகவே காதில் விழுவதில்லை.

"கடையில பாசிமணி கிடைக்குது. ஒரு காலேஜ் வாத்தியார் உக்காந்து புளியங்கொட்ட பொறுக்கணுமா?"

"மணியா இருந்தா பசங்க பாக்கெட்ல போட்டுக்கினு போயிடுவானுங்க. இத எவன் திருடுவான்?"

"அதுக்கு சொத்தையையுமா பொறுக்கிப் போடுவாங்க? ஏரின்னா நாலு சொத்த மீனும் இருக்கும்."

ஜெயக்குமார் நிமிர்ந்து பார்த்து, "இது நல்லா இருக்குதே" என்றார். ஒதுக்கி வைத்த சொத்தைகளில் ஒரு பிடி அள்ளி மறுபடியும் நல்லவற்றோடு கலந்தார். பிறகு எல்லாவற்றையும் துணிப்பையில் கொட்டிக் கட்டி, வெளியே போய் ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை வகுப்பில் நடத்தும் ஏரி விளையாட்டுக்கு மறந்துவிடக் கூடாதாம். சட்டையை மாட்டிக்கொண்டே, ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதற்கான சீட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு வந்து குளிக்கிறேன் என்றார். வாசலில் செருப்பு போடும்போது, "சோப்பு தீந்துடுச்சான்னு பாரு" என்று குரல் கொடுத்தார். அகிலா எழுந்து போய்ப் பார்த்தாள். "இருக்குதுங்க" என்றாள். அதற்குள் அவர் தெருவில் இறங்கியிருந்தார்.

ஜெராக்ஸ் கடையில் உட்கார ஸ்டூல் கேட்டிருக்கிறார். அப்புறம் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் சரிந்துவிட்டார். கடைக்காரரும் ஆட்டோக்காரரும் தூக்கிக்கொண்டு ஓடியதில் குறை ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்த நேரம்கூட அதிகமில்லை.

அதன் பிறகு நடந்தவற்றில் அகிலாவுக்கு வரிசையாக நினைவிருப்பவை கொஞ்சம். ஊரிலிருந்து ஆட்கள் வரும்வரை அவரைக் கூடத்தில்தான் வைத்திருந்தார்கள். இரவு போய் விடிந்தது. தெருவில் ஏதோ குறைகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. மறுநாள் நடுப்பகலில் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். சங்குச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. பெண்கள் கூடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள். யாரோ அவள் தலையில் ஒரு குடம் ஊற்றினார்கள். இரண்டாவது குடத்துக்காகக் குனிந்திருந்தபோது எதிர்வீட்டில் தறி அடிக்க ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சீராக. பக்கத்து வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும். அப்போதுதான் நேற்றிலிருந்து தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பிள்ளையார்பாளையத்தில் அது எழுதாத சட்டம். சாவு விழுந்த தெருவில் எடுக்கும்வரை யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் இறங்கிவிடுவார்கள். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் ஈரத்தலையோடு நின்றபடி, அவ்வளவுதானா, அதற்குள்ளாகவா என்று அந்தத் தெரு முழுவதின்மேலும் அவளுக்கு வந்த கோபம், அழுகையைவிடப் பெரிதாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய அன்று, ஆசிரியர் அறையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அகிலா வரலாற்றுத் துறை. ஜெயக்குமார் அதே கல்லூரியில் தாவரவியல். ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, நுழைவாயிலில் பிரிந்து, சாயங்காலம் அதே இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். இப்போது அந்த ஸ்கூட்டரை அவளே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொக்கியில் துணிப்பை அப்படியே தொங்கியது. அதைக் கழற்றி உள்ளே வைக்கவேண்டும் என்று தினமும் நினைத்தாள், கை போகவில்லை. வீட்டில் கொட்டை எடுத்த புளியும் ஜாடியில் அப்படியே இருந்தது. அவர் போனதிலிருந்து அவள் புளி சேர்த்து எதுவும் சமைக்கவில்லை. ரசம்கூட இல்லை. தயிரும் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. எதைத் தொட்டாலும் அது குறைந்துவிடும் என்பதுபோல ஒரு அயர்ச்சி.

துணை முதல்வர் பிரேம்நாத் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர். சொல்லவேண்டியதை மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாரோட பேப்பர் பாதியில நிக்குதும்மா. புது ஆள் போட மாட்டாங்க. யாரும் எடுக்கலன்னா அந்த மணியை சாஃப்ட் ஸ்கில்லுக்குக் குடுத்துடலாம்ங்கறாங்க. அடுத்த வருஷம் பேப்பரே இருக்காது. சுற்றுச்சூழல் பாடத்த எந்தத் துறை ஸ்டாஃப் வேணா எடுக்கலாம், உங்களுக்கே தெரியும். நீங்க எடுக்கறேன்னா சொல்லுங்க. வேணாம்னா வேணாம். ஒருத்தரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"எப்ப சொல்லணும் சார்?"

"செவ்வாக்கிழம சாயந்திரம் பிரின்சிபால் கேப்பாரு."

வேண்டாம் என்று சொல்வதாகவே அகிலா முடிவு செய்திருந்தாள். அந்தப் பாடத்தில் அவளுக்கு என்ன தெரியும்? கூரம் செப்பேட்டில் பல்லவ ராஜா ஏரி வெட்டிய சேதியை, வருடாவருடம் பத்து மதிப்பெண் கேள்வியாகச் சொல்லிக்கொடுப்பதோடு அவளுக்கும் ஏரிக்கும் உள்ள உறவு முடிந்தது. ஜெயக்குமாருக்கோ எதைப் பார்த்தாலும் ஒரு கட்டம், உள்ளே வரும் ஒரு அம்புக்குறி, வெளியே போகும் ஒரு அம்புக்குறி. இருப்பு, வரத்து, போக்கு என்பார். சாயப்பட்டறைத் தண்ணீர், பாலாற்று மணல், வீட்டு போர்வெல், எல்லாவற்றையும் பால் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டுவார். ஒரு அம்பைத் தொட்டால் சுற்றிக்கொண்டு இன்னொரு இடத்தில் வந்து குத்தும் என்பார். "மழை நின்ன அன்னிக்கே கிணறு வத்திடுமா? மெதுவாத்தான் இறங்கும். அந்தத் தாமதம் புரியாமதான் எல்லாரும் இன்னும் இருக்குது இன்னும் இருக்குதுன்னு எடுத்துக்கினே இருக்கறாங்க" என்பார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே 'உம்' கொட்டுவாள். அவர் வகுப்பை ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்தப் பை இருந்தது. அவர் நடத்துவதாக இருந்த வகுப்பு அது. அதை மட்டும் நடத்தி முடித்துவிட்டு, இத்தோடு சரி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் கொக்கியிலிருந்து பையைக் கழற்றினாள். கேன்டீனில் ஒரு தேக்சாப் பாத்திரத்தை இரவல் வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

பிள்ளைகள் எழுந்து நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக மதிய வகுப்பில் பெஞ்சு இழுபடும் சத்தமும் கொட்டாவியும் இருக்கும். இன்று பிரார்த்தனைக் கூட்டம்போல நின்றார்கள். உட்காருங்கள் என்று அவள் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. ஜெயக்குமார் ஒரு தாளில் எழுதிவைத்திருந்த விதிகளை வாசித்தாள். வகுப்பு ஆறு குழுவாகப் பிரியவேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரே ஏரியைச் சுற்றியுள்ள ஒரு ஊர். தேக்சாதான் ஏரி, கொட்டைகள் மீன். ஒவ்வொரு பருவத்துக்கும் தங்கள் ஊருக்கு எத்தனை மீன் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் சீட்டில் எழுதித் தரவேண்டும். அடுத்த ஊர்க்காரர்களோடு பேசக் கூடாது. எடுத்தது போக ஏரியில் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அவ்வளவு மீன் அடுத்த பருவத்துக்குள் புதிதாகப் பெருகும். ஏரியின் கொள்ளளவுக்கு மேல் பெருகாது. ஒரு பருவம் மீன் இல்லாத ஊர் பட்டினி. இரண்டாவது பருவமும் இல்லையென்றால் ஊர் காலி.

"ஊருக்குப் பேர் வெச்சுக்குங்க."

கூரம் என்றார்கள், மாகறல் என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து விஷால், "எங்க ஊரு சிங்கப்பூர் மேடம்" என்றான். சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது. ஒருத்தரை ஒருத்தர் அதட்டிக்கொண்டது தெரிந்தது.

முதல் பருவத்துச் சீட்டுகள் வந்தன. அகிலா பிரித்தாள். சுழி. அடுத்தது, சுழி. எல்லாவற்றிலும் சுழி. விஷாலின் சீட்டில் மட்டும் சுழிக்குக் கீழே 'எங்கள் ஊர் சுத்த சைவம்' என்று எழுதியிருந்தது. வெயில் வேளையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். கொள்ளளவுக்கு மேல் பெருகாது என்பதை மறந்து, மீன் பெருகவேண்டுமே என்று பையில் மிச்சமிருந்த கொட்டைகளைத் தேக்சாவில் கவிழ்த்தாள். அது ஏற்கனவே நிறைந்திருந்தது. கொட்டைகள் விளிம்பில் ஏறி மேசையிலும் தரையிலும் சிதறி ஓடின.

"வெள்ளம் மேடம்! கரை ஒடஞ்சிடுச்சு!" என்றான் விஷால். முதல் பெஞ்சில் இருந்தவர்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது பருவத்துக்கும் ஆறு சீட்டு. ஆறும் சுழி.

அகிலா சீட்டுகளை மேசைமேல் வைத்தாள். குரலை உயர்த்தக்கூடத் தெம்பில்லை. "விருப்பம் இல்லன்னா சொல்லிடுங்கப்பா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. நானும் இன்னைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றியது. நடு பெஞ்சில் உமாபதியை அவன் பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்தான். உமாபதி அகிலாவின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தறிக்கார வீட்டுப் பையன். அவன் எழுந்தான். பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"வெளாட்டுக்கு இல்ல மேடம். இன்னைக்கு நீங்கதான் வர்றீங்கன்னு தெரிஞ்சுது, வண்டியில சாரோட பையும் தொங்குச்சு. இந்த ஆட்டத்தப் பத்தி சீனியருங்க சொல்லியிருக்கறாங்க. எங்க தெருவுல சாவு விழுந்தா தறி ஓட்ட மாட்டாங்க. இது சார் ஏரி மேடம். சார் இல்லாதப்ப இதுல எறங்கி எடுக்கறதுக்கு... அதான், எல்லாரும் சுழி போட்டுடலாம்னு காலையிலயே பேசிக்கினோம்."

அகிலாவுக்கு ஈரத்தலையோடு நின்ற அந்த நடுப்பகல் கண்முன் வந்து போனது. அவள் கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

"எடுத்தப்புறம்?"

"எடுத்தப்புறம் ஓட்டுவாங்க மேடம்." ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவன்போல அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "ஓட்டித்தானே ஆகணும்."

அப்போது ஜன்னலோரக் குழுவிலிருந்து கிரேஸ் எழுந்தாள். மாகறல் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். வகுப்பில் அதிகம் பேசாதவள் என்று ஜெயக்குமார் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"மேடம், நான் காலையிலயே இவங்ககிட்ட வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. எங்கூட்டுல அப்படில்லாம் நிறுத்த முடியாது. எங்கப்பா செத்து மூணாம் நாளே எங்கம்மா நடவுக்குப் போச்சு. தப்புன்னா தப்புதான், இன்னா பண்றது. நாங்க சாப்புடணுமே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப ரூல்ஸ்படி பாருங்க. ரெண்டு பருவம் யாருமே மீன் எடுக்கல. ஆறு ஊரும் காலி. ஏரியில மீன் நெறஞ்சு கெடக்குது. திங்கறதுக்குத்தான் ஒரு ஆள் இல்ல."

"சிங்கப்பூருமா காலி?" என்றான் விஷால்.

"நீதான்டா மொதல்ல காலி."

இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. உமாபதியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அகிலா தேக்சாவைப் பார்த்தாள். விளிம்புவரை கொட்டைகள், பளபளவென்று. ஒரு ஊர்கூடப் பிழைக்காமல் நிறைந்து கிடக்கும் ஏரி. இத்தனை வருடத்தில் எந்த வகுப்பிலும் இப்படி நடந்திருக்காது. கேட்டால் அவர் துள்ளிக் குதிப்பார், பால் கணக்குத் தாளைத் தேடுவார், வரத்து இருக்குது, இருப்பு இருக்குது, போக்குதான் இல்லை என்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதலில் இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள்.

நினைத்தபின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தரையில் கிடந்த ஒரு கொட்டையை யாரோ காலால் உருட்டும் சத்தம் கேட்டது. விஷால் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அதன் வாயை அவசரமாகக் கைக்குட்டையால் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அகிலா கொஞ்சம் குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"சரி, எடுங்க" என்றாள். "மறுபடியும் மொதல்ல இருந்து வருவோம். இந்தத் தடவ எல்லாரும் எடுக்கணும். உங்க ஊருக்கு இன்னா வேணுமோ அத எடுங்க."

"எவ்ளோ எடுக்கலாம் மேடம்?"

"எனக்குத் தெரியாதும்மா. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

"அடுத்த ஊரோட பேசக் கூடாதுன்னு ரூல் மேடம்" என்றான் உமாபதி.

அகிலா அந்தத் தாளைப் பார்த்தாள். சாய்ந்த கையெழுத்து. 'பேசக் கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் ஏன் அப்படிப் போட்டார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அவளிடம் சொல்லியும் இருப்பார். அவள் 'உம்' கொட்டியிருப்பாள்.

"அது சார் போட்ட ரூல். இன்னைக்குப் பேசுங்க."

ஒரு நொடி தயங்கினார்கள். பிறகு வகுப்பு சந்தையாகிவிட்டது. பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்தார்கள். ஆளுக்குச் சமம் என்றார் ஒருவர். சின்ன ஊருக்கும் பெரிய ஊருக்கும் எப்படிச் சமம் என்றார் இன்னொருவர். சிங்கப்பூரில் இந்த மாதம் கல்யாணம் என்றும் கூடுதலாக ஒரு கை வேண்டும் என்றும் விஷால் ஒவ்வொரு குழுவாகப் போய்ப் பிச்சை கேட்டான். "யாருக்கு கல்யாணம்?" "எனக்குத்தான்." "உனக்குப் பொண்ணு குடுக்கறவனுக்கு ஏரியையே எழுதி வெக்கலாம்டா." கிரேஸ் கரும்பலகைக்குப் போய், யாரையும் கேட்காமல் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ஒரு அம்பும் வெளியே ஒரு அம்பும் இழுத்தாள். பாதி மிஞ்சினால் மறுபடி முழுசு என்று கத்தினாள். ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை. உமாபதி தேக்சாவை மார்போடு அணைத்துக்கொண்டு, பேசி முடிக்கும்வரை ஒரு மீன் தர மாட்டேன் என்று நின்றான். அவன் விரலிடுக்கில் கையை நுழைத்து இரண்டு பேர் கொட்டை திருடினார்கள். அகிலா தடுக்கவில்லை. இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அவர் இத்தனை வருடம் நின்றிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது குரல் கம்மியிருக்கும். பனங்கற்கண்டு கேட்பார்.

மணி அடித்தபோது ஒன்றும் முடிவாகியிருக்கவில்லை. நான்கு ஊர்கள் ஒரு கணக்குக்கு வந்திருந்தன, இரண்டு ஊர்கள் கோபித்துக்கொண்டிருந்தன. தேக்சாவில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கக்கூட நேரமில்லை. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டே அவள் முன்னால் கூடினார்கள்.

கிரேஸ் சுண்ணக்கட்டிக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அடுத்த வாரம் யார் மேடம் வருவாங்க? சாஃப்ட் ஸ்கில்ஸ்னு பேசிக்கறாங்க."

இதைச் சொல்லத்தான் அகிலா வந்திருந்தாள். சொல்வதற்காக வாயைத் திறந்தபோது வெளியே தடதடவென்று தகரத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. மாடித் தொட்டி நிறைந்து, கீழே வண்டிகள் நிறுத்தும் கொட்டகைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ திட்டிக்கொண்டே ஓடினார்கள்.

"தெனம் இதே கதைதான் மேடம்" என்றான் உமாபதி.

"யாரு நிறுத்தணும்?"

"வாட்ச்மேன்."

"வாட்ச்மேன் இல்லடா. மோட்டார் சுவிட்சு லேப் உள்ள இருக்குது. லேப் அண்ணன்தான்."

"அவரு மூணு மணிக்கே சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிடுவாரு."

"ஆபீஸ்ல இருந்து பாத்தா தொட்டி தெரியாது மேடம். அவங்களுக்கு சத்தமும் கேக்காது."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது. அகிலா காலித் துணிப்பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இது ஏன் வழியுதுன்னு வரைஞ்சு எடுத்துக்கினு வாங்க. யாரத் திட்டறதுன்னு இல்ல, எங்க அறுந்திருக்குதுன்னு. செவ்வாக்கிழம பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் 'செவ்வாய்க்கிழமை' என்று தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று முட்டி மோதிக்கொண்டு வெளியேறினார்கள்.

தேக்சாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். அந்தக் கோடியில் பிரேம்நாத் நின்றிருந்தார், முதல்வர் அறைக்குப் போகும் வழியில். அவளைப் பார்த்ததும் கையை லேசாக உயர்த்தி, என்ன என்பதுபோலத் தலையசைத்தார். இங்கிருந்து சொன்னால் தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. அகிலா அவரை நோக்கி நடந்தாள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே பெண்கள் புத்தகங்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டகையைக் கடந்து ஓடினார்கள். கொட்டகையோரம் நின்ற அவள் ஸ்கூட்டரின் சீட்டு முழுக்க நனைந்து மினுங்கியது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்றும் யாரும் போய் மோட்டாரை நிறுத்தவில்லை.